கழுவெளியின் கடைமடைக்காரர்

பனமலை ஏரியை நம்பிப் பயிர் வைக்கும் விவசாயிக்குக் கடைமடை என்றால் என்னவென்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. திருவண்ணாமலைப் பக்கம் துரிஞ்சலாற்றில் கீரனூர் அணைக்கட்டில் பிரிகிற நந்தன் கால்வாய், வழியிலுள்ள முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, கடைசியாகத்தான் பனமலை ஏரிக்கு வரவேண்டும். வாய்க்கால் தூர்ந்தாலும் சரி, மேலே எவராவது மண்மூட்டை போட்டு மறித்தாலும் சரி, முதலில் காய்வது பனமலைதான். மலைமேல் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. அதன் காலடியிலுள்ள ஏரியோ, மழை தவறிய ஆண்டுகளில் மாடு மேயும் வெளியாகிவிடுகிறது. மேல்மடைக்காரரைக் கேட்டால், "எங்கள் எல்லைக்குள் வந்ததை எடுத்துக்கொண்டோம், அதிலென்ன தவறு?" என்பார். அவர் சொல்வதும் முழுப்பொய் அல்ல. ஆனால் அதற்காகக் கடைமடைக்காரரின் வயிறு நிறைந்துவிடுவதில்லை.

இதே விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், மரக்காணத்துக் கடலோரத்தில், இதே வழக்கு வேறு உருவில் நடந்து வருகிறது. அங்கே கடைமடையில் நிற்பவர் மீனவர். மேல்மடையில் நிற்பவர் விவசாயி. இருவருக்கும் நடுவே அரசின் நாலைந்து இலாகாக்கள் ஆளுக்கொரு வரைபடத்தோடு நிற்கின்றன. அந்த நீர்நிலையின் பெயர் கழுவெளி.

பனமலைத் தண்ணீர் கழுவெளிக்குப் போவதில்லை. அது வேறு வடிநிலம். ஆயினும் தண்ணீரின் கடைசிச் சொட்டுக்கு யார் பாத்தியதைக்காரர் என்ற கேள்வி இரண்டு இடத்துக்கும் ஒன்றே. ஆகையால் மேற்கே நந்தன் கால்வாய்க்காகக் குரல் கொடுக்கிற விவசாயிகள், கிழக்கே நடப்பதையும் சற்றுக் கவனிப்பது நல்லது.

திண்டிவனம், வானூர், மரக்காணம் வட்டாரங்களின் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளின் கலங்கல் தண்ணீர் ஒன்றன்பின் ஒன்றாக வழிந்து, கடைசியில் வந்து தங்கும் பள்ளம்தான் கழுவெளி. ஏறத்தாழ 70 சதுர கிலோமீட்டர் பரப்பு. ஆழம் அதிகமில்லை, பெரும்பாலான இடங்களில் ஆள் நடந்து போகலாம். வடகிழக்கு முனையில் உப்புக்கழி ஓடை வழியாக எடையன்திட்டுக் கழிமுகத்துக்குப் போய், அங்கிருந்து வங்கக் கடலில் கலக்கிறது. ஓங்கூர் ஆறும் அந்தக் கழிமுகத்தில்தான் வந்து சேர்கிறது. வெள்ளைக்காரன் காலத்துப் பக்கிங்காம் கால்வாய் முடிவதும் அங்கேதான். மரக்காணத்து உப்பளங்கள் அதை ஒட்டியே இருக்கின்றன. தென்னிந்தியாவில் பழவேற்காடு ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்று இதைச் சொல்வார்கள்.

மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் வந்து கழுவெளி நல்ல தண்ணீராகிறது. மழை ஓய்ந்ததும் கடல் ஓதம் உப்புக்கழி வழியே உள்ளே ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக உவர்ப்பாகிறது. ஆண்டுக்கு ஆண்டு மாறி மாறி நடக்கும் இந்த நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் சேர்க்கைதான் அங்குள்ள மீன்வளம் முழுவதற்கும் முதலீடு.

விவசாயிக்கு இதைச் சொல்வது எளிது. கடல் என்பது நடவு வயல், கழி என்பது நாற்றங்கால். வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடும். பொரித்து வரும் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் ஓதத்தோடு சேர்ந்து கழிக்குள் வந்து, சேற்றிலும் புல்லிலும் மேய்ந்து, சில மாதங்களில் விரல் நீளம் வளர்ந்து மறுபடி கடலுக்குத் திரும்பும். மடவையும் அப்படியே. கொடுவா, பால் கெண்டைக் குஞ்சுகளும் கழியைத் தேடி வரும். சேற்று நண்டு கழியிலேயே வளர்ந்து, முட்டை பொரிக்க மட்டும் கடல் பக்கம் போய் வரும். ஆகையால் வாரச்சந்தையில் கூறு கட்டி விற்கும் கடல் இறாலில் ஒரு பங்கு கழியில் நாற்று விட்டு எடுத்ததுதான். நாற்றங்காலை அழித்துவிட்டு நடவுக்கு ஆள் கூப்பிடுகிறவரை ஊர் என்ன சொல்லுமோ, அதைத்தான் கழியை அழித்துவிட்டுக் கடல் மீன்வளத்தைப் பற்றிப் பேசுகிறவரையும் சொல்லவேண்டும்.

கடலைப் பொறுத்தமட்டில் மாநில அரசு சில காரியங்களை ஒழுங்காகவே செய்துவந்திருக்கிறது. 1983-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. 2001 முதல் கோடையில் விசைப்படகுகள் 45 நாள் கடலுக்குப் போகக்கூடாதென்று தடை வைத்தார்கள். 2017 முதல் அது 61 நாளாயிற்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை. கடலில் மீன் இனம் பெருக அவகாசம் கொடுப்பதே இதன் நோக்கம். ஆனால் கடலில் பொரித்த குஞ்சு வந்து வளர வேண்டிய கழிமுகத்துக்கு அந்த மாதிரி ஒரு கணக்கு இல்லை. கடல் மீன்வளத் துறையிடம் இருக்கிறது. கழுவெளி வனத்துறையிடம் இருக்கிறது. இடையிலுள்ள ஓடையின் மதகு நீர்வளத் துறையிடம் இருக்கிறது. இறால் குஞ்சுக்கு இந்த எல்லைகள் தெரியாது.

மூன்று கை, மூன்று வேலை

2021 டிசம்பரில் தமிழக அரசு கழுவெளியில் 5,151.60 ஹெக்டேர், அதாவது சுமார் 12,700 ஏக்கர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. மாநிலத்தின் 16-ஆவது பறவைகள் சரணாலயம் அது. 2024 ஆகஸ்டில் அது ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. 1971-இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் கையெழுத்தான உலக ஒப்பந்தத்தின்படி, காப்பாற்றத்தக்க ஈரநிலமென்று உலக நாடுகளின் முன் உறுதி கூறுவதற்குச் சமமானது அது. மரக்காணத்தில் ரூ. 25 கோடியில் பன்னாட்டுப் பறவைகள் மையம் அமைப்பதாகவும் 2023-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். பறவை வரும் இடத்தில் மீன் இருக்கிறதென்று பொருள். ஆகவே இந்த அறிவிப்புகளை மீனவரும் விவசாயியும் வரவேற்கத்தான் வேண்டும்.

ஆனால் சரணாலயச் சட்டத்தின் உட்பிரிவுகளைப் படித்தவர்கள் குறைவு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவில் வெளியாகும் முதல் அறிவிப்பு, அரசு தன் எண்ணத்தைத் தெரிவிப்பதே ஆகும். அதன்பிறகு மாவட்ட ஆட்சியர் அந்த எல்லைக்குள் யார் யாருக்கு என்னென்ன உரிமை என்று விசாரிக்கவேண்டும். பிரகடனம் வெளியிட்டு, உரிமை கோருவோருக்கு இரண்டு மாத அவகாசம் தரவேண்டும். தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்துகொண்டு, சில உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கவும் ஆட்சியர் அனுமதிக்கலாம். பட்டா வைத்திருப்பவர் தம் பட்டாவைக் காட்டுவார். தலைமுறை தலைமுறையாக இடுப்பளவு நீரில் இறங்கி, கையால் தடவி இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கிற இருளர் குடும்பத்தார் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்? மாடு மேய்க்கிறவர், கோரை அறுக்கிறவர் கதையும் அதுதான். காகிதம் இல்லாத உரிமையை எழுதிக் கேட்பதற்கு ஊராட்சி மன்றங்கள்தாம் உதவவேண்டும். சரணாலயம் என்றால் மக்களைத் துரத்தும் வேலி என்ற பேச்சு ஊரில் பரவிவிட்டால், பிறகு பறவையைக் காப்பாற்ற எந்தக் காவலராலும் ஆகாது.

ஒரு கை இப்படிக் காப்பாற்றிக்கொண்டிருக்க, இன்னொரு கை அதே முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டக் கிளம்பியது. விழுப்புரம் மாவட்டத்து அழகன்குப்பத்திலும், எதிர்க்கரையில் செங்கல்பட்டு மாவட்டத்து ஆலம்பரைக்குப்பத்திலும் இரட்டை மீன்பிடித் துறைமுகம் என்பது மீன்வளத் துறையின் திட்டம். சுற்றுச்சூழல் அனுமதி பெறாமல் வேலை நடப்பதாகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு வழக்குப் போயிற்று. 2022-இல் தீர்ப்பாயம் பணியை நிறுத்தி வைத்தது.

துறைமுகம் கேட்ட மீனவரைக் குறை சொல்வதற்கில்லை. படகைக் கரையேற்ற இடமில்லை, முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் படகு கவிழ்கிறது, புயல் வந்தால் இயந்திரம் உடைகிறது. இவையெல்லாம் மெய்யான துன்பங்கள். ஆனால் ஆழப்படுத்துவதும் கருங்கல் கொட்டிச் சுவர் எழுப்புவதும் முகத்துவாரத்தின் போக்கையே மாற்றிவிடக்கூடியவை. ஒரு சுவரின் தென்புறம் மணல் சேரும், வடபுறம் கரை அரிக்கும் என்பதைச் சோழமண்டலக் கரையின் பல குப்பங்கள் கண்ணால் கண்டிருக்கின்றன. ஓதம் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் உள்ளே ஏறும் என்பதும் மாறும். அந்த ஓதத்தின்மேல் ஏறித்தான் இறால் குஞ்சு வரவேண்டும். படகுக்கு வசதி செய்து மீனை இழப்பது, களத்தைச் சிமெண்ட் போட்டுவிட்டு விதைநெல்லை விற்றது போல. முதலில் ஆய்வு, பிறகு கட்டுமானம் என்பது மீனவருக்கு எதிரான பேச்சே அல்ல.

உப்புக்கழி மதகு

மூன்றாவது கையின் வேலைதான் விவசாயிகளை நேராகத் தொடுவது. உப்புக்கழியின் குறுக்கே மதகுகளோடு கூடிய தடுப்பணை எழுப்பி, கடல் நீர் உள்ளே ஏறாமல் தடுத்து, மழைத் தண்ணீரைக் கழுவெளியில் தேக்குவது நீர்வளத் துறையின் திட்டம். வானூர், மரக்காணம் வட்டார விவசாயிகள் நெடுங்காலம் கேட்டு வந்தது இது. கேட்டதில் தவறே இல்லை.

கிணற்றில் உப்பு ஏறினால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்து விவசாயியைக் கேட்கவேண்டும். நெல்லின் இலை நுனி கருகும். மல்லாட்டை பூத்தும் காய் பிடிக்காது. தர்பூசணிக் கொடி படர்ந்த வேகத்தில் சுருளும். சவுக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளும். அதனால்தான் நெல் வயலெல்லாம் சவுக்குத் தோப்பாக மாறின இடங்கள் உண்டு. மண்ணில் வெள்ளை பூத்துவிட்டால் ஜிப்சம் போட்டுப் பயனில்லை. ஜிப்சம் களர் நிலத்துக்கு மருந்து. உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீர் கட்டி, அலசி, வடித்துவிடுவதுதான் வழி. அலசுவதற்கு நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

ஆகவே விவசாயிக்கு மதகு வேண்டும். மீனவருக்கு ஓதம் வேண்டும். இரண்டும் நியாயம். இதுதான் இந்த வழக்கின் முடிச்சு. ஒரு பக்கத்தை வில்லனாக்கி எழுதுவது சுலபம், முடிச்சு அவிழாது.

கேரளத்தில் இதே முடிச்சை ஐம்பது ஆண்டுகளாக அவிழ்க்கப் பார்க்கிறார்கள். வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கம் என்ற இடத்தில் 1970-களின் நடுவில் ஒரு தடுப்பணை வந்தது. குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்துக்கும் தாழ்ந்தவை. கோடையில் உப்பு நீர் ஏறினால் புஞ்சைப் போகம் என்று அங்கே சொல்லும் நெல் முழுவதும் போய்விடும். ஆகவே டிசம்பர் நடுவில் மதகை அடைத்து, மார்ச் நடுவில் திறப்பது என்று ஏற்பாடு. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடை தள்ளிப்போகும், அறுவடை தள்ளிப்போனால் மதகு திறப்பதும் தள்ளிப்போகும் என்று ஆகி, ஏப்ரல், மே வரை அடைத்தே கிடக்கும் ஆண்டுகள் வந்தன.

அதன் விளைவை அங்குள்ளவர்கள் அனுபவித்தார்கள். ஆற்றுக் கொஞ்சு என்று அவர்கள் சொல்லும் பெரிய நன்னீர் இறால், வளர்வது ஆற்றில். முட்டை பொரிப்பது உவர் நீரில். மதகு அடைத்த காலத்தில் அதன் வழி அடைபட்டது. பிடிப்பு வீழ்ந்தது. காயலின் கருஞ்சிப்பி தேய்ந்தது. இவை மீனவருக்கு வந்த நட்டம். விவசாயிக்கும் நட்டம் வந்தது என்பதைத்தான் நம்மவர்கள் கவனிக்கவேண்டும். ஆண்டுக்கொரு முறை ஏறும் உப்பு நீர் காயலைக் கழுவிவிடும். ஆகாயத் தாமரை அதில் செத்துப்போகும். உப்பு நின்றதும் ஆகாயத் தாமரை வாய்க்கால் எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. வயலிலிருந்து வடிந்த உரமும் பூச்சிமருந்தும் போக வழியின்றித் தேங்கின. உப்பைத் தடுக்கக் கட்டிய அணை, அழுக்கையும் சேர்த்துத் தடுத்தது. இன்றுவரை ஒவ்வோர் ஆண்டும் மதகு திறக்கும் தேதி நெருங்கும்போது அங்கே விவசாயிகளும் மீனவர்களும் ஆட்சியர் முன்னால் எதிரெதிரே உட்காருகிறார்கள். அணை கட்டும்போதே இருவரையும் சேர்த்து உட்காரவைத்துத் திறப்புக் கணக்கை எழுதியிருந்தால், இவ்வளவு மனக்கசப்புக்கு இடமிருந்திராது.

இதற்கு மறுபக்கம் ஒரிசாவின் சிலிகா ஏரி. அங்கே முகத்துவாரம் மணலால் அடைபட்டு, ஏரியில் உப்பு குறைந்து, களைபடர்ந்து, மீன் பிடிப்பு ஆண்டுக்கு இரண்டாயிரம் டன்னுக்கும் கீழே இறங்கியது. 1991-இல் அந்த ஏரிக்கென்றே சிலிகா வளர்ச்சி ஆணையம் ஏற்பட்டது. பல ஆண்டு அளந்து பார்த்தபின், 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் வெட்டினார்கள். இரண்டே ஆண்டில் பிடிப்பு பத்தாயிரம் டன்னைத் தாண்டியது. வாய் வெட்டியது மட்டும் காரணமல்ல. ஏரிக்குத் தண்ணீர் தரும் மேட்டு நிலங்களில் மண் அரிப்பைத் தடுக்கும் வேலையையும் அதே ஆணையம் கையில் எடுத்துக்கொண்டது. ஓர் ஏரிக்கு ஒரு பொறுப்பாளர். கழுவெளிக்கு இன்றைக்கு அப்படி ஒருவர் உண்டா என்பதுதான் கேள்வி.

மேல்மடையின் கணக்கு

உப்பு நீர் கிணற்றில் ஏறுவதற்குக் கடலை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. கடலோர மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் மேலேயும் உப்பு நீர் கீழேயும் தங்கியிருக்கும். எண்ணெய் தண்ணீர்மேல் மிதப்பது மாதிரி. மேலேயுள்ள நல்ல தண்ணீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழேயுள்ள உப்பு நீர் ஏறத்தாழ நாற்பது அடி மேலே வரும் என்பது நிலத்தடி நீர் நூலார் கணக்கு. ஆழ்குழாய்க் கிணறு போட்டு இறைக்க இறைக்க, உப்பைத் தாமே கைநீட்டி அழைப்பதாக ஆகிறது. ஆகவே உப்புக்கழியில் எத்தனை மதகு வைத்தாலும், மேட்டிலுள்ள ஏரிகளில் தண்ணீர் நின்று நிலத்துக்குள் இறங்காவிட்டால் கிணறு தப்பாது. விவசாயியைக் காக்கும் முதல் அணை உப்புக்கழியில் இல்லை. திண்டிவனம், வானூர் வட்டத்து ஏரிக்கரைகளில் இருக்கிறது.

அந்த ஏரிகளைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பது வேடிக்கை. 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஈரநில விதிகள், ஈரநிலம் என்ற சொல்லுக்கு இலக்கணம் சொல்லும்போதே, பாசனத்துக்கென்று வெட்டிய நீர்நிலைகளையும், உப்பு விளைவிக்கவும் மீன் வளர்க்கவும் அமைத்தவற்றையும், நெல் வயல்களையும் விலக்கிவிடுகின்றன. நூற்றுக்கணக்கான ஆண்டு வயதுள்ள ஏரி, மனிதன் வெட்டியது என்பதற்காக ஈரநிலப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறது. கழுவெளி உள்ளே, கழுவெளிக்குத் தண்ணீர் தரும் ஏரி வெளியே. வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கிணற்றைத் திறந்து போட்ட மாதிரிதான் இது.

ஏரிகளுக்கு மாநிலச் சட்டம் உண்டு. ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் 2007-இல் வந்தது. அது பொதுப்பணித் துறைக் கட்டுப்பாட்டில் இருந்த ஏரிகளுக்குத்தான். நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள சிறிய ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கின்றன. இவற்றின் வரத்து வாய்க்கால் எங்கே போயிற்று என்று வருவாய்த் துறைப் புலப்படத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். 2017 முதல் சில ஆண்டுகள் குடிமராமத்து நடந்தது. கரை உயர்ந்தது, தூர் வாரினார்கள். ஆனால் ஓர் ஏரியின் கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் ஓடையை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. தனித்தனி ஏரியாகப் பார்ப்பதால் வந்த குறை இது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் கடைசிக் கண்ணி தொங்கிப்போகும்.

மேல்மடை விவசாயிகள் தம் பக்கத்துக் குறையையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஏரி உள்வாயில் பயிர் வைப்பது, கழுவெளி ஓரத்தில் தண்ணீர் வற்ற வற்ற வரப்பை முன்னே நகர்த்திக்கொண்டே போவது, மழை வரும் என்று தெரிந்த நாளில் மருந்து தெளிப்பது. இவை யாருக்கும் தெரியாதவை அல்ல. தெளித்த மருந்து மழையில் கழுவிப்போய் எங்கே சேருகிறது என்று பார்த்தால், கடைசியில் கழிமுகத்துச் சேற்றில் இருக்கிறது. பூச்சியைக் கொல்லும் மருந்துக்கு இறாலும் ஒரு பூச்சிதான். இரண்டும் கணுக்கால் கொண்ட ஒரே பெரிய இனத்தைச் சேர்ந்தவை. ஆகவே நெல்லுக்கு அளவாகத் தோன்றும் மருந்து, குஞ்சு இறாலுக்கு நஞ்சாகிறது. மருந்துச் செலவு குறைந்தால் விவசாயிக்கும் இலாபம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இறால் குட்டைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நாகைப் பக்கத்து விவசாயிகளும் மீனவர்களும் ஒன்றாகப் போராடிய பழைய கதை அது. நல்ல நஞ்சை நிலங்களில் உப்புத் தண்ணீரை நிரப்பி இறால் வளர்த்ததால் பக்கத்து வயலும் குடிநீர்க் கிணறும் கெட்டன. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைநிலத்தையும் உப்பள நிலத்தையும் இறால் குட்டையாக மாற்றக்கூடாது, கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் பழைய முறை வளர்ப்பைத் தவிர வேறு இறால் பண்ணை கூடாது என்றது. சிலிகா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி ஆயிரம் மீட்டருக்குள் கூடாது என்றும் சொன்னது. கழுவெளியின் பெயர் அதில் இல்லை. பிறகு 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 2023-இல் அது திருத்தப்பட்டு, பண்ணைகளுக்கு மேலும் இடம் கொடுத்தது. ஆகவே கழுவெளியைச் சுற்றி ஒரு காப்புத் தொலைவு வேண்டுமென்றால் அதை மாநில அரசுதான் தானே முன்வந்து வகுக்கவேண்டும். ராம்சார் பட்டியலில் சேர்த்த அரசுக்கு அது கஷ்டமான காரியமாக இருக்கக்கூடாது.

திறப்புக் கணக்கு

இனி மதகைப் பற்றி. கட்டுவதா வேண்டாமா என்று வாதாடுவதைவிட, எப்போது திறப்பது, எப்போது அடைப்பது, யார் சொல்லித் திறப்பது என்பதைப் பேசுவதே பயனுள்ளது. ஏரிப் பாசனத்தில் இது புதிதல்ல. மதகைத் திறப்பது நீர்க்கட்டி. ஆனால் எந்த நாள், எத்தனை நாழிகை என்பதை முடிவு செய்வது ஆயக்கட்டுதாரர்கள் கூடிய கூட்டம். மீனவர்களுக்கும் இதே வழக்கம் உண்டு. பழவேற்காட்டில் பாடு என்ற முறையில், ஏரியின் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊர்ப் பஞ்சாயத்தார் முறைவைத்துக் கொடுக்கிறார்கள். முறைவைத்து அனுபவிக்கத் தெரிந்த இரண்டு கூட்டத்தாரை ஒரே பாயில் உட்காரவைக்க முடியாது என்பது நம்பத்தக்கதல்ல.

உப்புக்கழி மதகுக்கும் அவ்வாறே ஓர் ஆயக்கட்டுக் கூட்டம் வேண்டும். மேல்மடை ஏரிகளின் பாசனச் சங்கத்தாரும், குப்பங்களின் பஞ்சாயத்தாரும், இருளர்களும், உப்பளத்தாரும் அதில் பாத்தியதைக்காரர்கள். வனம், மீன்வளம், நீர்வளம் என்ற மூன்று துறை அதிகாரிகளும் ஆட்சியர் தலைமையில் அதே கூட்டத்தில் இருக்கவேண்டும். வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் எவ்வளவு வந்தது, கழுவெளியில் உப்பு எத்தனை, பக்கத்துக் கிணறுகளில் உப்பு எத்தனை என்ற மூன்று அளவுகளை மாதம் ஒருமுறை எடுத்து, ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் எழுதிப் போடவேண்டும். குஞ்சு உள்ளே வரும் மாதங்களைக் குப்பத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மாதங்களில் ஓதம் ஏறும் நாட்களில் மதகின் சில கண்களையாவது திறந்து வைக்கலாம். எல்லாக் கண்களையும் திறந்தால்தான் மீன் வரும் என்பதில்லை. எல்லாக் கண்களையும் அடைத்தால்தான் கிணறு பிழைக்கும் என்பதும் இல்லை. தண்ணீர்முக்கத்தில் கற்ற பாடம் அதுவே.

வெள்ளக் காலத்துக்கும் கணக்கு வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அம்மாதிரி மழையில் கழுவெளிக்கு வந்து சேரும் வெள்ளம் அத்தனையும் வடிய அந்த ஒரே ஓடைதான். மதகு அடைபட்டிருந்தாலோ, முகத்துவாரம் மணல் மூடியிருந்தாலோ, முதலில் மூழ்குவது விவசாயியின் பயிர். முகத்துவாரம் திறந்திருப்பதில் விவசாயிக்கு மீனவரைவிடக் குறைந்த அக்கறை இருக்க நியாயமில்லை.

கேட்கவேண்டிய இடமும் நாளும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடவேண்டும். அவற்றுள் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். மழைத் தண்ணீர் தேங்கி நின்று, கழுவெளி உவர்ப்பாகத் தொடங்கும் சமயம் அது. மதகு திறப்புக் கணக்கை எழுத்தில் தரவேண்டும், மேல்மடை ஏரிகளின் கலங்கல் ஓடைகளை அளந்து கல் நடவேண்டும், கூட்டத்தில் மீனவருக்கும் இடம் வேண்டும் என்ற மூன்றையும் வானூர், மரக்காணம், திண்டிவனம் வட்டத்து ஊராட்சிகள் அன்று ஒரே வாசகத்தில் தீர்மானமாக எழுதி ஆட்சியருக்கு அனுப்பலாம். பனமலையிலும் அதே நாளில்தான் கிராம சபை கூடுகிறது. நந்தன் கால்வாய்க்கு ஒரு தீர்மானம் எழுதும்போது, கழுவெளிக்கும் ஒரு வரி சேர்த்து எழுத அதிக நேரம் பிடிக்காது.